அப்பாவின் பக்கத்து இடம்

தும்கிபாடா,
சாகிப்கஞ்ச் மாவட்டம், பீகார்.
12 ஜூன் 1994

கிறிஸ்துவுக்குள் அன்பான மெர்சி அக்காவுக்கு,

கர்த்தர் உங்களையும் பிரான்சிஸ் மச்சானையும் காப்பாராக. உங்கள் கடிதம் சந்தைக்குப் போய்வந்த ஆள் கையில் நேற்றுதான் கிடைத்தது. அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று படித்ததும் வெளியே போய் நின்றுகொண்டேன். இங்கே இன்னும் மழை இறங்கவில்லை. மலை முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. என்ன சொல்லி ஜெபிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

லீவு கேட்டேன். மழை வந்தால் காய்ச்சலும் கூடவே வரும், இந்த மலைக்கு மருந்துப் பெட்டியோடு இருப்பவன் நீ ஒருவன்தான், ஏப்ரல் வரை பொறு என்று ஊழியத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான்.

எனவே நேரில் பேசவேண்டியதை எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவின் உடம்பைக் காட்டிலும் ஆத்துமாவைப் பற்றித்தான் எனக்குப் பயம். அப்பா கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தார், விசுவாசியாகவே போய்ச்சேர்ந்தார். அம்மா மட்டும் ஞானஸ்நானம் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நம் இருவரையும் சர்ச்சுக்குக் கூட்டிவந்த அதே அம்மா, செவ்வாய்க்கிழமை இருகூர் காட்டு மாசாணியம்மனுக்கு விளக்குப் போடவும் போனாள். இன்றும் போகிறாள். நான் முன்பின் தெரியாதவர்களுக்கு இரட்சிப்பைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். என்னைப் பெற்றவள் அதற்கு வெளியே நின்றபடியே போய்விட்டால்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் பக்கத்தில் தனக்கு இடம் வேண்டும் என்று அம்மா ஆசைப்படுவதாகவும், அதற்கு மகனின் கருத்தைச் சபைக் கமிட்டி கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் ஆயருக்கு எழுதிவிட்டேன். அம்மா ஞானஸ்நானம் எடுத்தால் இடம் கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்கவேண்டாம் என்று. கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்காதீர்கள். அந்த ஆசையாவது அம்மாவைக் கர்த்தரிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்றுதான்.

உங்கள் தம்பி,
ரூபன்


சிங்காநல்லூர்,
3 ஜூலை 1994

ரூபன்,

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசிக்கவேண்டாம் என்று உங்கள் மச்சான் சொன்னார். நான் வாசித்தேன். நீ எழுதியதை உன்னைப் பெற்றவளே கேட்கட்டும் என்று ஒரு வெறி. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அவனுக்கு என்ற மேல கோவமில்ல கண்ணு. எங்க, அம்மாள வுட்டுப்போட்டு நாம மட்டும் அங்க போயிருவமோன்னு பயம். சின்னதுலயும் அப்புடித்தான், சந்தைக் கூட்டத்துல முந்தானைய வுடவே மாட்டான்" என்றாள். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு உன் மேல் கோபமில்லை. எனக்கு இருக்கிறது. ஆறடி மண்ணைக் காட்டி ஒரு நோயாளியை மிரட்டுகிறாய், அதற்குச் சுவிசேஷம் என்று பெயர் வேறு.

நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. பண்ணையத்தில் வாரம் முழுக்கக் களை வெட்டிய கையோடு, ஞாயிற்றுக்கிழமை நமக்குத் தலைவாரிப் பவுடர் போட்டு, இருகூரிலிருந்து நடத்தியே கூட்டிவருவாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போகும்போது அந்த வரிசையில் அம்மா மட்டும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தனியாக இருப்பாள். அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் அவளை யாரும் கைப்பிடித்து அழைத்ததில்லை. அப்படியும் ஒரு வாரம் தவறியிருப்பாளா?

நான் ஆர்.எஸ்.புரத்தில் லேபில் வேலை செய்கிறவள். வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கும் வாசிக்கத் தெரியும். இயேசு வியந்து நின்றது ஒரு ரோமப் பட்டாளத்துக்காரனின் விசுவாசத்தைப் பார்த்து. முதலில் உன் சாமியைத் தூக்கிப் போட்டுவிட்டு வா, அப்புறம் உன் வேலைக்காரனைச் சுகமாக்குகிறேன் என்று அவர் சொன்னதாக நான் படிக்கவில்லை. பக்கத்து வீட்டு பாத்திமுத்து அக்கா ஐந்து வேளைத் தொழுகையிலும் அம்மாவுக்காக துவா கேட்கிறார்கள். அது பாதி வழியில் திரும்பி வந்துவிடுமா? நீயே சொல்.

ஆபரேஷன் இந்த மாதக் கடைசியில், பெரியாஸ்பத்திரியில். முடிந்ததும் எழுதுகிறேன். அதுவரை எனக்கு உபதேசம் எழுதாதே.

மெர்சி


தும்கிபாடா,
16 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மச்சான் கொடுத்த தந்தி வந்தது. முழங்கால் போட்டு அழுதேன். நீங்கள் எழுதுகிறேன் என்று சொன்ன கடிதம் வரவில்லை. கோபம் தீரவில்லை என்று புரிந்துகொண்டேன்.

உபதேசம் எழுதவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் சொல்வதுதான் சரி என்றால், அம்மா இருக்கிற இடத்திலேயே இருந்து கரையேறலாம், பாத்திமுத்து அக்காவும் கரையேறலாம் என்றால், நான் எதற்காக இங்கே இருக்கிறேன்? பீளமேட்டில் பம்ப் கம்பெனி வேலையை விட்டு வந்தேன். மூன்றாம் முறை காய்ச்சல் வந்து எழுந்திருக்கிறேன். நான் சொல்லாவிட்டால் இவர்கள் அழிந்துபோவார்கள் என்று நம்பித்தான் வந்தேன். அந்தக் கல்லை உருவிவிட்டால் என் சுவர் முழுக்கச் சரிந்துவிடும் அக்கா. நீங்கள் அதை விளையாட்டாக உருவுகிறீர்கள்.

மழை வெளுத்து வாங்குகிறது. தினமும் காய்ச்சல்காரர்கள். சூர்ஜி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கூட வந்து மருந்து கொடுக்க உதவுகிறாள். நான் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தைய மழையில் அவளுடைய மகள் இதே காய்ச்சலில் செத்துப்போனாளாம். அதனால்தானோ என்னவோ, எந்தக் குடிசைக்கும் தயங்காமல் நுழைகிறாள். இயேசுவைப் பற்றிக் கேட்டுக்கொண்டும் இருக்கிறாள். அவளும் இன்னும் சிலரும் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறார்கள்.

அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்றாவது எழுதுங்கள்.

ரூபன்


சிங்காநல்லூர்,
9 அக்டோபர் 1994

அன்புள்ள ரூபனுக்கு,

அம்மா கஞ்சியை விட்டுச் சாதத்துக்கு வந்துவிட்டாள். ரசம் உறைப்பாக வேண்டும் என்று சண்டை போடுகிறாள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அது கெட்ட கட்டிதான், ஆனால் பரவவில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். கரண்ட் வைத்தியம், அதாவது ரேடியேஷன், ஒரு சுற்று முடிந்திருக்கிறது. இளைத்துப்போய்விட்டாள், ஆனால் பயப்படும்படி இல்லை.

உன் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது நீ கேட்க விரும்பிய செய்தி. அம்மா ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்துவிட்டாள். டிசம்பர் முதல் ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறது.

நான் கட்டாயப்படுத்தவில்லை. உன் ஆகஸ்ட் கடிதத்தை வாசித்தேன். மூன்றாம் முறை காய்ச்சல் என்ற இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள். பிறகு, "ஆயர வரச்சொல்லு கண்ணு. தண்ணிதான? ஊத்திக்கறேன். அங்க அந்தக் காட்டுல அவனாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்" என்றாள்.

ஆயர் வந்தார். உனக்கு அவரைப் பழக்கமில்லை, நீ போன பிறகு மாற்றலாகி வந்தவர். நாற்பதுகூட ஆகியிருக்காது, நிதானமான மனிதர். "அம்மா, நீங்க இயேசுவ நம்பறீங்களா?" என்று கேட்டார்.

"நம்பாமீங்களா? வாராவாரம் வந்து பாத்துட்டுத்தானுங்க போறேன். என்ற ரெண்டு புள்ளைகளையும் அவருதான் ஆளாக்கி வுட்டாரு."

"அப்ப மாசாணியம்மன்?"

அம்மா தரையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "ஏனுங்க, தண்ணி ஊத்துங்க, தல குனியறேன். ஆனா ஆத்தாள பொய்யின்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. அவ எனக்கு ஒரு ஒத்தாச பண்ணியிருக்கறா. அது உங்குளுக்கு வேண்டாமுங்க."

என்ன ஒத்தாசை என்று ஆயர் கேட்கவில்லை. வாசல் வரை போனவர் என்னிடம், "அம்மா மகனுக்காகத் தலை குனியறாங்க. எனக்கு மனசு ஒப்பவே இல்லை. ஆனா கொடுக்கமாட்டேன்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை" என்றார். கமிட்டி செயலாளருக்கு மட்டும் மகா சந்தோஷம்.

நீ ஜெயித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

மெர்சி


தும்கிபாடா,
6 நவம்பர் 1994

அக்கா,

இதை வாசித்ததும் முதல் வேலையாக ஆயரைப் பார்த்து, ஞானஸ்நானத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எனக்காக எடுப்பது என்றால் வேண்டாம். அவருக்கும் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தபால் தாமதமாகிவிடக் கூடாதே என்று பதிவுத் தபாலில் போடுகிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

போன ஞாயிறு காலை இங்கே ஞானஸ்நானம். ஊழியத் தலைவரும் வந்திருந்தார். ஓடைக்கரையில் எல்லோரும் கூடியிருந்தோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் விசுவாசத்தைப் பற்றிக் கேட்பது வழக்கம். சூர்ஜியின் முறை வந்தது. நான் கேட்பதற்குள் அவள் கேட்டாள். அவள் பாஷையில் அது நாலைந்து சொல்தான். "என் மகள் எங்கே இருக்கிறாள்?"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, விளக்கிச் சொன்னாள். "நீ வருவதற்கு முன்னால் செத்துப்போனாள். இயேசு பேரை அவள் கேட்டதே இல்லை. நான் தண்ணீரில் இறங்கினால் ஒரு நாள் இயேசு இருக்கிற இடத்துக்குப் போவேன் என்கிறாய். அவள் அங்கே இருப்பாளா? இல்லையென்றால் நான் வரவில்லை. அவள் இருக்கிற இடத்துக்கே போகிறேன்."

இந்தக் கேள்விக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருக்கிறது அக்கா. பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூர்ஜியின் முகத்தைப் பார்த்தேன். "இயேசுவிடம் இருக்கிறாள்" என்றேன்.

பரிதாபப்பட்டுச் சொன்ன பொய்யா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை. சொல்லும்போதே நம்பினேன். காணாமல்போனதைத் தேடிப் போகிறவர் என்று நான் இரண்டு வருஷமாக இவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அவர் இந்த மலைக்கு வர என் ரயில் டிக்கெட்டுக்காகவா காத்திருந்தார்? அந்தக் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது அவர் பக்கத்தில் இல்லையென்றால், நான் பிரசங்கிக்கிறவர் யார்?

சூர்ஜி தண்ணீரில் இறங்கினாள். ஊழியத் தலைவர் சாப்பாட்டுக்கும் நிற்காமல் ஜீப்பில் ஏறிப் போனார். சாகிப்கஞ்சுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை.

சூர்ஜியின் மகள் கேள்விப்படாதவள். அம்மா கேள்விப்பட்டவள், கேட்டும் வராதவள். இரண்டும் ஒன்றா? இதில் மாட்டிக்கொண்டு இந்த வாரம் முழுக்கத் தவித்தேன். அப்புறம் கோயமுத்தூர் ரயில் நிலையம் ஞாபகம் வந்தது. நான் இங்கே கிளம்பிய அன்று சபையார் பாட்டுப் பாடி மாலை போட்டார்கள். அம்மா அந்தக் கூட்டத்துக்கு வெளியே தூணோரமாக நின்றாள். வண்டி நகரும்போதுதான் ஜன்னலுக்கு வந்து, "போயிட்டு வா சாமி, அவரு வேலைய நல்லாச் செய்யி" என்றாள். தன் பெயர் பதியாத சபைக்குத் தன் ஒரே மகனைக் கொடுத்தவள் அக்கா அவள். நான் அவளைப் போய் வெளியே நிற்கிறவள் என்று எழுதினேன்.

அப்படியானால் நான் எதற்கு இங்கே என்று உங்களிடம் கேட்டேன் அல்லவா? நான் இயேசுவை இந்த மலைக்குக் கொண்டுவந்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறார். அவர் இன்னார் என்று பெயர் சொல்ல வந்திருக்கிறேன். அதுவும் வேலைதான். அதுவும் சந்தோஷமான வேலைதான். என் சுவர் சரியவில்லை.

அப்பாவின் பக்கத்து இடத்தை அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி, ஒரு நிபந்தனையும் இல்லாமல், ஆயருக்கு எழுதியிருக்கிறேன். நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ரூபன்


சிங்காநல்லூர்,
14 டிசம்பர் 1994

என் தங்கமான தம்பிக்கு,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. லேபில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சாயங்காலம் அம்மாவுக்கு வாசித்தேன். பாத்திமுத்து அக்காவும் இருந்தார்கள். சூர்ஜி கேட்டது, நீ சொன்னது எல்லாம் வாசித்தேன். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன்.

"அவனா சொன்னான்? அந்தப் புள்ள அவருகிட்ட இருக்குதுன்னு அவன் வாயாலயா சொன்னான்?"

"ஆமாம்மா."

"அப்ப என்ற புள்ளையும் இருக்குமா கண்ணு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாத்திமுத்து அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா சொல்லத் தொடங்கினாள். நாம் பிறந்து வளர்ந்த இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாதது.

எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்திருக்கிறாள் ரூபன். அப்பா அப்போதுதான் விசுவாசத்துக்கு வந்த புதிது. அந்தக் காலத்தில் ஆயர் எப்போதாவதுதான் இருகூர்ப் பக்கம் வருவாராம். அவர் வந்து ஞானஸ்நானம் கொடுப்பதற்குள், தவழத் தொடங்கிய குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனால், ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று அப்போதிருந்த உபதேசியார் சொல்லிவிட்டார். அப்பா எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாராம். ஊர் மயானத்திலும் நம் சனங்கள் விடவில்லை, நீங்கள்தான் வேதத்துக்குப் போய்விட்டீர்களே என்று. அம்மா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு காட்டு வழியே நடந்திருக்கிறாள். மாசாணியம்மன் கல்லுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் தானே குழி தோண்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆத்தா வேண்டாம்னு சொல்லுல கண்ணு. ஆரு என்னன்னு கேக்காம இடங் குடுத்தா. அவள எப்புடி பொய்யின்னு சொல்லுவேன்? உங்கப்பனோட சாமியவும் எனக்குப் புடிக்கும். ஆனா அந்தத் தண்ணிய ஊத்திக்கிட்டா, ஊத்தாத என்ற புள்ள அக்கட்டால ஒத்தையில நிக்குமே. அது நிக்கற பக்கந்தான் நானும் நிக்கோணும்னு இருந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமைகள் எதற்கென்று இப்போது தெரிகிறதா? விளக்கு ஆத்தாளுக்கு. உட்கார்ந்திருந்தது பிள்ளையோடு.

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆயரிடம் போனேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். மேஜை மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம், "அம்மா அனுமதி கொடுத்தா நான் அங்கே வரணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை உங்கள் மச்சான் ஒரு ஆட்டோ பேசி எல்லோரையும் கூட்டிப்போனார். பாத்திமுத்து அக்காவும் வந்தார்கள். ஆயர் அங்கியோடு வந்திருந்தார். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா விளக்குப் போட்டு முடிக்கும் வரை காத்து நின்றார். அம்மா ஆத்தாளிடம் ஏதோ முணுமுணுத்தாள். உத்தரவு கேட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு வேப்பமரத்தைக் காட்டினாள்.

ஆயர் அங்கே மண்டியிட்டார். "இந்தப் பிள்ளையைச் சபை வாசலிலேயே திருப்பி அனுப்பிட்டோம். நாங்க கைவிட்டதை நீங்க கைவிடலை ஆண்டவரே" என்று ஜெபித்தார். அடக்க ஆராதனையை முதலிலிருந்து நடத்தினார். பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் தடுமாறி நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரு... ஏதாவது வெச்சிருந்தீங்களாம்மா?"

"பொற்கொடிங்க" என்றாள் அம்மா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரை உள்ளுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆராதனை முடிந்ததும் ஆயர் கேட்டார், "அம்மா, இங்கிருந்து ஒரு கை மண் எடுத்துப்போய் அவங்க அப்பா பக்கத்தில் வைக்கலாமா? இந்த இடம் இப்படியே இருக்கட்டும். அங்கேயும் ஒரு இடம் அவளுக்கு இருக்கணும்." அம்மா முந்தானையில் மண்ணை வாங்கிக்கொண்டாள். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கமிட்டி செயலாளர் செய்தி கேட்டு முன்னாலேயே வந்து கேட்டருகே நின்றிருந்தார். சட்டம் பேசப்போகிறார் என்று உங்கள் மச்சான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டார். செயலாளர் அம்மாவின் முந்தானையைப் பார்த்தார். அதில் இருப்பது என்ன மண் என்று ஆயர் சொன்னார். அந்த மனிதர் கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார். அப்புறம் உங்கள் மச்சானிடம், தன் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு என்றாராம்.

அப்பாவின் வலது பக்கம் பொற்கொடி இருக்கிறாள். இடது பக்கம் அம்மாவுக்கு. கமிட்டியில் ஒருத்தர் மட்டும் முணுமுணுத்தாராம், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் டாக்டரம்மா அந்த இடத்துக்கு இப்போது அவசரமில்லை என்கிறார்கள்.

ஞானஸ்நானத்தை நிறுத்தியாயிற்று. ஆயர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து வரும்போது ஆட்டோவில் அம்மாவே பேச்சை எடுத்தாள். "இனி ஆருக்காவும் வேண்டாமுங்க. எனக்கே தோணுச்சுன்னா நானே வந்து சொல்றேன். தோணாட்டியும் ஞாயித்துக்கெழம வாரேன்." ஆயர் சிரித்துவிட்டு, "ரெண்டுக்கும் கதவு திறந்திருக்கும்மா" என்றார். போன ஞாயிறு அம்மா கடைசி பெஞ்சில் உட்காரப் போனாள். செயலாளரின் சம்சாரம் எழுந்து வந்து கையைப் பிடித்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

நான் உன்னிடம் கடுமையாகப் பேசியதெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. சாகிப்கஞ்சில் என்ன சொன்னார்கள்? உடனே எழுது. வேலை போனால் போகட்டும், உன் தட்டு இங்கே கவிழ்ந்து கிடக்கவில்லை.

அக்கா மெர்சி


தும்கிபாடா,
2 ஜனவரி 1995

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வாசித்தேன். இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

முதலில் நீங்கள் கேட்டது. சாகிப்கஞ்சில் ஊழியத் தலைவர் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. மிகவும் வருத்தப்பட்டார். அப்படிச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். அதிகாரம் இல்லை ஐயா, ஆனால் மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்றேன். ஏப்ரல் வரை பிரசங்கம் வேண்டாம், மருந்தையும் நீ நடத்துகிற பள்ளிக்கூடத்தையும் மட்டும் பார், ஊருக்குப் போகிற வழியில் சென்னையில் கமிட்டியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போ என்று முடித்தார். கிளம்பும்போது தோளில் கை வைத்து ஜெபித்தார். அவரும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சென்னையில் என்ன சொல்வார்களோ. போ என்றால் பம்ப் கம்பெனிக்குத் திரும்பவும் தயார்தான். இரு என்றால் ஓடி வந்துவிடுவேன். இந்த மலையை விட்டுப்போக மனமில்லை. பிரசங்கம் இல்லை என்று சொன்ன பிறகும் சனங்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். சூர்ஜிதான் அவர்களிடம் பேசுகிறாள். நான் மாத்திரை எண்ணிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் கோயமுத்தூரில் இறங்குவேன். அம்மாவிடம் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். செவ்வாய்க்கிழமை அவளோடு இருகூருக்கு வரலாமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். விளக்குப் போடுகிற நேரத்தில் தள்ளியே நின்றுகொள்கிறேன். எனக்கு அந்த வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு அக்கா என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது மருந்து கட்டும்போதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போதும் திடீர் திடீரென்று அவள் ஞாபகம் வருகிறது. பார்க்காத ஒருத்தியின் ஞாபகம் எப்படி வரும்? வருகிறது. தவழத் தொடங்கியிருந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சிரித்திருப்பாள், உங்களைப் பார்த்துக் கையை நீட்டியிருப்பாள். அவள் உங்களைப் போல் அம்மா ஜாடையா, என்னைப் போல் அப்பா ஜாடையா? அம்மாவிடம் கேட்டு உடனே எழுதுங்கள் அக்கா. ஏப்ரல் வரை என்னால் காத்திருக்க முடியாது.

ரூபன்